அமோனியா என்ஜினின் புகை: அறிகுறியிலிருந்து காரணத்துக்குச் செல்லும் வழி

அமோனியாவை எரிபொருளாகக் கொண்ட என்ஜினின் புகையில் மூன்று வாயுக்கள் நம் கவலைக்கு உரியவை: எரியாமல் தப்பி வரும் அமோனியா, நாக்ஸ் என்று சேர்த்து அழைக்கப்படும் நைட்ரிக் ஆக்சைடும் நைட்ரஜன் டை ஆக்சைடும், இவற்றோடு நைட்ரஸ் ஆக்சைடு. முதலாவதை மூக்கு காட்டிக்கொடுக்கும். இரண்டாவதைச் சட்டம் கேட்கும். மூன்றாவதற்கு நெடியும் இல்லை, நிறமும் இல்லை. ஒன்றைக் குறைக்கத் தொட்ட அமைப்பு இன்னொன்றை ஏற்றிவிடுவது இந்த எரிபொருளின் குணம் என்பதால், கீழே சொல்லப்படும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன்னும் பின்னும் மூன்றையும் சேர்த்தே அளந்து எழுதிவைக்க வேண்டும். ஒரே ஓர் எண் இறங்கியதைக் கண்டு மகிழ்ந்து பட்டறைக் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களுள் நானும் ஒருவன்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தின் பேஹெட் பகுதியில், படகு என்ஜின்களையும் லோட்ஷெடிங் எனப்படும் முறைவைத்த மின்வெட்டுக் காலத்தில் பெருகிய டீசல் ஜெனரேட்டர்களையும் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில், பழைய ஒற்றைச் சிலிண்டர் டீசல் என்ஜினை அமோனியாவுக்கு மாற்றிச் சோதனைமேடையில் ஓட்டினோம். அமோனியா ஆவியாகக் காற்றோடு கலந்து இன்லெட் வால்வு வழியே உள்ளே போகும். சிறிதளவு டீசல் பைலட்டாகப் பாய்ந்து அதைப் பற்றவைக்கும். கப்பல்களிலுள்ள நடுத்தர வேக என்ஜின்கள் பலவற்றின் அமைப்பு இதற்கு நெருக்கமானது. பெரிய இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின்களில் திரவ அமோனியா உயர் அழுத்தத்தில் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கப்படுகிறது. அவற்றுக்கு வேறுபடும் இடங்களை ஆங்காங்கே குறிப்பிட்டிருக்கிறேன்.

அறிகுறிகளுக்குள் நுழையும் முன் எரிபொருளின் சில எண்களை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு கிலோ அமோனியா தரும் வெப்பம் 18.6 மெகாஜூல், டீசல் தருவது 42.7. ஆகவே அதே வேலைக்கு 2.3 மடங்கு எடை வேண்டும். தானே தீப்பற்ற ஏறத்தாழ 650 டிகிரி செல்சியஸ் தேவை. அதன் சுடர் பரவும் வேகம் மீத்தேனின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். திரவத்திலிருந்து ஆவியாகும்போது டீசலைப்போல் ஐந்து மடங்கு வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். சோம்பலாக எரியும், எரியும் இடத்தையும் குளிர்விக்கும்: புகையில் தோன்றும் குறைகளில் பெரும்பாலானவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இதன் நச்சுத்தன்மையைப் பற்றி இந்த நாட்டில் தனியே விளக்க வேண்டியதில்லை. 1973 ஜூலை 13 அன்று பொச்செஃப்ஸ்ட்ரூமில் அமோனியாத் தொட்டி ஒன்று உடைந்து 38 டன் வெளியேறியதில் 18 பேர் உயிரிழந்தனர். எட்டு மணி நேர வேலைக்குப் பொதுவாக ஏற்கப்படும் வரம்பு 25 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்கு. 300 பிபிஎம் உயிருக்கு உடனடி ஆபத்தான அளவு. பின்வரும் எந்தச் சோதனையையும் கையில் அலாரம் கருவியும், எட்டும் இடத்தில் முகமூடியும், காற்று வரும் திசையில் வெளியேறும் வழியும் இல்லாமல் தொடங்கக் கூடாது.

முதல் ஐயம் கருவியின் மேல்

புகை அளவு திடீரென மாறினால் என்ஜினைத் தொடுவதற்கு முன் அளவியைச் சோதிக்க வேண்டும், ஏனெனில் டீசல் புகைக்காக வாங்கிய கருவிகள் அமோனியாப் புகையில் நம்மை ஏமாற்றும். லாரிகளிலும் ஜெனரேட்டர்களிலும் உள்ள சிர்கோனியா வகை நாக்ஸ் சென்சார், அமோனியாவின் கணிசமான பகுதியையும் நாக்ஸ் என்றே கணக்கிடும். அதாவது எரியாத அமோனியா கூடினால் திரையில் நாக்ஸ் கூடியதாகத் தெரியும், அதை நம்பி எரிதலைக் குளிர்வித்தால் அமோனியா மேலும் கூடும். வேதி ஒளிர்வு வகை அளவியிலும், அதன் சூடான மாற்றி அமோனியாவை நைட்ரிக் ஆக்சைடாக மாற்றிக் காட்டும் வாய்ப்பு உண்டு. மூன்று வாயுக்களையும் ஒரே நேரத்தில் பிரித்துக் காட்டுவதற்கு எஃப்டிஐஆர் எனப்படும் அகச்சிவப்பு அளவி வேண்டும். வாங்க முடியாவிட்டால் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்தாவது அளக்க வேண்டும். அந்தச் செலவைத் தவிர்த்தால் பிறகு ஒரு மாதம் இருட்டில் தடவ நேரிடும்.

அடுத்தது மாதிரி எடுக்கும் குழாய். அமோனியா எரியும்போது புகையில் நீராவி மிக அதிகம்: தேவையானதைப் போல் இரு மடங்கு காற்றில் எரித்தாலும் கொள்ளளவில் 18 சதவீதம் வரை நீராவியாகவே இருக்கும். குழாயில் ஓரிடம் குளிர்ந்தாலும் அங்கே நீர் கோத்துக்கொள்ளும். அமோனியா அந்த நீரில் கரைந்துவிடும். அளவி குறைவாகக் காட்டும், பிறகு குழாய் சூடானதும் கரைந்திருந்தது வெளியேறி, என்ஜின் டீசலில் ஓடும்போதுகூட அமோனியா இருப்பதாகக் காட்டும். ஆகவே மாதிரிக் குழாய், வடிகட்டி, இணைப்பு அனைத்தும் 190 டிகிரி அளவில் இடைவெளியின்றிச் சூடேற்றப்பட்டிருக்க வேண்டும். எங்கள் மேடையில் இரு கிளாம்புகளுக்கு நடுவே ஒரு சாண் நீளம் சூடேற்றும் உறை இல்லாமல் இருந்தது. அந்த ஒரு சாண் எங்களுக்கு நான்கு நாள் வேலையைக் கொடுத்தது.

புகையின் கரியமில வாயுவைக் கொண்டு புகையோட்டத்தைக் கணக்கிடும் பழைய முறையும் இங்கே உதவாது; அமோனியாவில் கரி கிடையாது. ஆனால் அதே அளவீடு வேறொன்றுக்குப் பயன்படும். பைலட் டீசல் எவ்வளவு எரிகிறது என்பதை அது காட்டும். வெப்பத்தில் 5 சதவீதம் பைலட் என்றால் புகையில் கரியமில வாயு ஏறத்தாழ 0.3 சதவீதம் இருக்கும், அதில் 0.04 சதவீதம் நாம் உள்ளிழுக்கும் காற்றிலிருந்தே வந்தது என்பதால் அதைக் கழித்துவிட வேண்டும்.

அறிகுறி: குறைந்த சுமையில் அமோனியா நெடி, அளவியில் ஆயிரக்கணக்கில் பிபிஎம்

1,000 பிபிஎம் எரியாத அமோனியா என்பது கொடுத்த எரிபொருளில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான். ஆகவே எரிபொருள் செலவைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. மூக்கை நம்புவதும் தவறு. டர்பனின் புறநகரான சாட்ஸ்வர்த்திலிருந்து வரும் எங்கள் மூத்த ஃபிட்டர் பல ஆண்டுகள் குளிர்பதன ஆலையில் அமோனியாவோடு இருந்தவர். எங்களுக்குக் கண் எரிந்த நாளில் "எனக்கு ஒன்றும் தெரியவில்லையே, தம்பி" என்று அவர் சொன்னார். "அண்ணா, நீங்கள் முதலில் வெளியே வாருங்கள்" என்று அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தோம்.

காற்றோடு கலந்து செல்லும் என்ஜினில் முதலில் பார்க்க வேண்டியது வால்வுகளின் டைமிங். இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் இடைவேளையில் அமோனியா உள்ளே வந்தால், அது எரியாமலே நேராகப் புகைபோக்கிக்குப் போகும். டீசலுக்காக அமைத்த அகலமான இடைவேளையை மாற்ற முடியாவிட்டாலும், எக்ஸாஸ்ட் வால்வு மூடிய பிறகே அமோனியா இன்ஜெக்டர் திறக்குமாறு நேரத்தைத் தள்ளி வைக்கலாம். இந்த ஒரு திருத்தம் எளிது, பக்கவிளைவும் குறைவு. ஆகவே முதலில் இதைச் செய்ய வேண்டும்.

அதற்குப் பின்னும் குறையவில்லை என்றால், பிஸ்டனின் மேல் ரிங்குக்கு மேலுள்ள இடுக்கு, தலை கேஸ்கெட்டின் ஓரம், வால்வு இருக்கையின் விளிம்பு ஆகிய இடங்களில் அழுத்தத்தால் புகுந்து ஒளிந்துகொள்ளும் கலவையைச் சந்தேகிக்க வேண்டும். சோம்பலான சுடர் அந்த இடுக்குகளுக்குள் நுழையாது. பிஸ்டன் இறங்கும்போது கலவை வெளியே வருகிறது. அதற்குள் சிலிண்டர் குளிர்ந்துவிடுகிறது. தேய்ந்த ரிங்கையும் தடிமன் மிகுந்த கேஸ்கெட்டையும் மாற்றுவது உண்மையான மருந்து. பைலட்டைச் சற்று முன்னதாகப் பாய்ச்சுவதும் காற்றின் மிகையைக் குறைப்பதும் ஓரளவுக்கு உதவும்.

திரவம் நேரடியாகத் தெளிக்கப்படும் என்ஜினில் இந்த இடுக்குச் சிக்கல் பெரிதல்ல. அங்கே அமோனியா மிகுந்தால் இன்ஜெக்டர் முனையில் தெளிப்பு முடிந்த பிறகும் சொட்டுவிடுகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சிலிண்டர் வாரியாகப் புகை வெப்பத்தை ஒப்பிட்டால் சொட்டும் சிலிண்டர் தனித்து நிற்கும்.

எத்தனை திருத்தினாலும், மிகக் குறைந்த சுமையில் அமோனியாவை எரிப்பது வீண் பிடிவாதம். துறைமுகத்துக்குள் மெதுவாக நகரும் நேரத்தில் டீசலுக்கு மாறிவிடுவதுதான் முறை. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகையோடு தலைமுறைகளாக வாழ்ந்த மெர்பேங்க் மக்கள் துறைமுகத்துக்குத் தெற்கேதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னொரு நெடி வேண்டாம்.

அறிகுறி: நாக்ஸ் இறங்கியது, நைட்ரஸ் ஆக்சைடு ஏறியது

இந்தக் குறிப்பை நான் எழுதுவதற்கே காரணம் இந்த அறிகுறிதான். பைலட் டைமிங்கைச் சில டிகிரி தாமதப்படுத்தினோம். நாக்ஸ் கண்முன்னே இறங்கியது. பயிற்சிக்கு வந்த இளைஞன் "அண்ணா, பிரச்சினை தீர்ந்துவிட்டது" என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன். வாடகை எஃப்டிஐஆர் வந்து இறங்கிய அன்றுதான், நாக்ஸிலிருந்து தப்பி நைட்ரஸ் ஆக்சைடிடம் மாட்டிக்கொண்டிருந்தோம் என்று தெரிந்தது.

இது ஏன் பெரிய குறை என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். நூறாண்டுக் கணக்கில் ஒரு கிராம் நைட்ரஸ் ஆக்சைடு 273 கிராம் கரியமில வாயுவுக்கு நிகராகப் புவியைச் சூடாக்கும். நல்ல டீசல் என்ஜின் ஒரு கிலோவாட் மணிக்கு 180 கிராம் டீசலை எரித்து, ஏறத்தாழ 577 கிராம் கரியமில வாயுவை விடுகிறது. ஆகவே அமோனியா என்ஜின் அதே வேலைக்கு 2.1 கிராம் நைட்ரஸ் ஆக்சைடை விட்டால், டீசலை விட்டு அமோனியாவுக்கு வந்ததன் முழுப் பயனும் கரைந்துவிடும். காற்று இரு மடங்கு அளவில் இருக்கும்போது ஒரு கிராம் என்பது புகையில் தோராயமாக 100 பிபிஎம். அதாவது திரையில் 200 பிபிஎம் தெரிந்தால், இத்தனை தொட்டியும் குழாயும் முகமூடியும் எதற்காக என்று கேட்டுக்கொள்ள வேண்டிய நிலைக்கு வந்துவிட்டோம்.

இந்த வாயு உருவாவது வெதுவெதுப்பான இடங்களில். அமோனியா பாதி உடைந்த துண்டுகள் நாக்ஸைச் சந்திக்கும்போது நைட்ரஸ் ஆக்சைடு பிறக்கிறது. சுற்றிலும் போதிய வெப்பம் இருந்தால், சுமார் 1,100 டிகிரிக்கு மேல், பிறந்த வேகத்திலேயே சிதைந்து நைட்ரஜனாகிவிடுகிறது. சுடர் சுவரருகே அணையும் இடத்திலும், பிஸ்டன் இறங்கி வாயு குளிர்ந்த பின் தாமதமாக எரியும் மிச்சத்திலும் அந்தச் சிதைவு நடப்பதில்லை. ஆகவே நைட்ரஸ் ஆக்சைடு மிகுந்தால், எரிதல் எங்கோ தாமதமாகவோ குளிர்ச்சியாகவோ நடக்கிறது என்று பொருள்.

தேடும் வரிசை இது. பல சிலிண்டர் என்ஜினில் முதலில் எந்தச் சிலிண்டர் குளிர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரே சிலிண்டர் இடையிடையே பற்றாமல் போவதே மொத்தப் புகையின் அளவையும் கெடுக்கப் போதும். அந்தச் சிலிண்டரின் பைலட் முனையில் கரி அடைத்திருக்கும், அல்லது துளைகளுள் ஒன்று அடைபட்டுத் தெளிப்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். எல்லாச் சிலிண்டர்களும் ஒரே போல் இருந்தால் பைலட்டை முன்னதாக்கிப் பார்க்க வேண்டும். எரிதலின் நடுப்பகுதி, பிஸ்டன் உச்சியில் நிற்கும் மேல் நிலைக்கு அருகே வர வேண்டும் என்பதே நோக்கம். சிலிண்டர் அழுத்தத்தின் உச்சவரம்பு அனுமதிக்கும் வரை போகலாம். அடுத்ததாக உள்ளே செல்லும் காற்றின் வெப்பம். டீசலுக்கும் எரிவாயுவுக்கும் காற்றை நன்றாகக் குளிர்வித்துப் பழகிய கைகளுக்கு இது தலைகீழாகத் தோன்றும், ஆனால் அமோனியா எளிதில் நாக் ஆகாத, அதாவது நேரம் தவறித் தானே வெடித்து எரியாத, எரிபொருள் என்பதால், குறைந்த சுமையில் காற்றுக் கூலரைப் பகுதியாகத் தவிர்த்துச் சற்றுச் சூடான காற்றை அனுப்புவது அதற்கு நல்லது. பிறகு, டர்போ தேவைக்கு மேல் காற்றைத் திணிக்கிறதா என்று பார்த்து, புகையின் ஒரு பகுதியை டர்போவைத் தவிர்த்து விடும் வால்வான வேஸ்ட்கேட் மூலம் காற்றின் மிகையைக் குறைக்கலாம். இவை எல்லாம் போதாத சுமையில், சில சிலிண்டர்களை நிறுத்தி மீதமுள்ளவற்றை நிறைந்த சுமையில் சூடாக ஓட்டுவது பைலட் டீசலைக் கூட்டுவதைவிட மேல் என்பது என் கருத்து. பைலட்டைக் கூட்டினால் விட்டுவந்த கரியமில வாயுவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம்.

இவை அனைத்தும் நாக்ஸை ஏற்றும். ஏறட்டும். நாக்ஸைப் புகைக்குழாயில் பின்னாலிருக்கும் எஸ்சிஆர் வினையூக்கியால், அதாவது அமோனியாவைக் கொண்டு நாக்ஸை நைட்ரஜனாக்கும் வினையூக்கியால், சரிசெய்யலாம். நைட்ரஸ் ஆக்சைடு சாதாரண எஸ்சிஆர் வினையூக்கியைக் கண்டும் காணாததுபோல் கடந்துபோய்விடும். என்ஜினுக்குள்ளேயே அதை ஒழிப்பதும் நாக்ஸைப் பின்பகுதிக்கு விடுவதும்தான் நான் கண்ட சரியான வேலைப்பிரிவு.

அறிகுறி: நாக்ஸ் மிகுதி, அமோனியா மிகக் குறைவு

இந்நிலையில் என்ஜின் சூடாக, முழுமையாக எரிக்கிறது. கடற்சட்டத்தின்படி, நிமிடத்துக்கு 720 சுற்று ஓடும் என்ஜினுக்கு நாக்ஸின் இரண்டாம் படிநிலை வரம்பு கிலோவாட் மணிக்கு ஏறத்தாழ 9.7 கிராம், மூன்றாம் படிநிலை வரம்பு 2.4 கிராம். மூன்றாவது, வட அமெரிக்கக் கரை, பால்டிக், வட கடல் போன்று அறிவிக்கப்பட்ட நாக்ஸ் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் மட்டும் கேட்கப்படும். தென்னாப்பிரிக்கக் கரை அவற்றுள் இல்லை. டர்பனுக்கு வரும் கப்பலில் மூன்றாம் படிநிலை அமைப்பு அணைந்திருப்பதைப் பிழை என்று எண்ணித் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

வரம்பையே மீறியிருந்தால் மிகுதியான பைலட், மிக முன்னதான டைமிங், சீராகக் கலக்காத அமோனியா என்ற வரிசையில் பார்க்க வேண்டும். காற்று தேவையைவிடச் சற்றே மிகுந்திருக்கும் இடங்களில்தான் நாக்ஸ் உச்சத்தைத் தொடும். கலவை ஓரிடத்தில் செறிந்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தால், எங்காவது அந்த நிலை அமைந்தே தீரும். புகையைத் திரும்பச் சுற்றவிடும் முறை நாக்ஸைக் குறைக்கும் என்றாலும், ஏற்கெனவே சோம்பலான சுடரை மேலும் மந்தமாக்கும் என்பதால், நைட்ரஸ் ஆக்சைடை அளக்க வழியில்லாத இடத்தில் அதைத் தொடவே கூடாது.

அறிகுறி: வினையூக்கிக்குப் பின்னும் அமோனியாவும் நாக்ஸும் சேர்ந்தே வருகின்றன

எஸ்சிஆர் வினையூக்கியில் ஒரு பங்கு நைட்ரிக் ஆக்சைடு ஒரு பங்கு அமோனியாவோடு சேர்ந்து நைட்ரஜனும் நீருமாகிறது. டீசல் என்ஜினில் அந்த அமோனியாவை யூரியாவிலிருந்து பெறுகிறோம். இங்கே எரியாமல் வந்ததே போதும். 1,000 பிபிஎம் நாக்ஸும் 3,000 பிபிஎம் அமோனியாவும் உள்ளே போனால், வினையூக்கி எவ்வளவு புதியதாக இருந்தாலும் 2,000 பிபிஎம் அமோனியா வெளியே வரத்தான் செய்யும். இது வினையூக்கியின் குற்றமல்ல. என்ஜினிலிருந்து வரும் விகிதத்தைத் திருத்த வேண்டும்.

இரு எரிபொருளிலும் ஓடும் என்ஜினில் நாம் தேடத் தவறும் பிழை ஒன்று உண்டு. டீசலில் ஓடும்போது சுமையைப் பார்த்து யூரியா தெளிக்கும் அட்டவணை, அமோனியாவுக்கு மாறிய பிறகும் அப்படியே வேலை செய்துகொண்டிருக்கும். அமோனியா மிகுந்த புகைக்கு மேலும் அமோனியா ஊற்றப்படும். அமோனியாவில் ஓடும்போது யூரியா, வினையூக்கிக்கு முன்னால் அளந்த அளவைப் பார்த்தே திறக்க வேண்டும்.

இரண்டும் சேர்ந்து வெளியே வந்தால், அதாவது வினைபுரிய வேண்டிய இருவரும் ஒரே வாசல் வழியே கைகோத்து வெளியேறினால், வினையூக்கி குளிர்ந்திருக்கிறது, அடைபட்டிருக்கிறது, அல்லது புகை அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. வனேடியம் வகைக்கு 300 முதல் 450 டிகிரி வரை நல்ல வேலை வெப்பம். உள்வாயிலுக்கும் வெளிவாயிலுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு கூடியிருந்தால் கந்தகப் படிவைச் சந்தேகிக்க வேண்டும்: பைலட் டீசலின் கந்தகம் அமோனியாவோடு சேர்ந்து அமோனியம் பைசல்ஃபேட்டாகப் பிசின்போல் படியும். அமோனியா ஆயிரக்கணக்கில் இருக்கும் புகையில், 300 டிகிரிக்குக் கீழே இது விரைவாக நடக்கும். தென்னாப்பிரிக்கப் பம்புகளில் 50 பிபிஎம் கந்தக டீசலும் 500 பிபிஎம் கந்தக டீசலும் விற்கப்படுகின்றன. விலைக்காக இரண்டாவதை வாங்கி வைத்திருக்கும் ஜெனரேட்டர்காரர்கள், பைலட்டுக்காவது முதலாவதைத் தனித் தொட்டியில் வைக்க வேண்டும். படிந்ததை நீக்க, என்ஜினை டீசலில் நல்ல சுமையில் ஓட்டி வினையூக்கியை 350 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் வைத்திருக்க வேண்டும். அழுத்த வேறுபாடு மாறாமல், பலன் மட்டும் குறைந்திருந்தால், வினையூக்கிக் கற்களுக்கும் அவற்றைத் தாங்கும் கூட்டுக்கும் நடுவேயுள்ள அடைப்புப் பாய் கிழிந்து புகை குறுக்குவழியில் போகிறது என்று கொள்ளலாம்.

அறிகுறி: வினையூக்கிக்கு முன்னால் குறைவாக இருந்த நைட்ரஸ் ஆக்சைடு பின்னால் கூடியிருக்கிறது

என்ஜினை விட்டுவிட வேண்டும். மிச்ச அமோனியாவை எரிப்பதற்காகக் கடைசியில் வைத்த பிளாட்டினம் வினையூக்கிதான் பெரும்பாலும் காரணம். 225 முதல் 300 டிகிரி வரை அது அமோனியாவை நைட்ரஜனாக்குவதற்குப் பதில் நைட்ரஸ் ஆக்சைடாக்குவதில் தாராளமாக இருக்கும். செம்பு ஜியோலைட் வகை எஸ்சிஆர் வினையூக்கியும், குளிர்ந்த நிலையில் தன் மேல் சேர்ந்த அமோனியம் நைட்ரேட் சிதையும்போது இதையே செய்யும். இரண்டு வினையூக்கிகளுக்கும் நடுவே ஒரு மாதிரித் துளை இருந்தால் குற்றவாளி ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். அந்தத் துளை இல்லாத அமைப்புகளை வாங்கும்போதே கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். பிளாட்டினத்துக்கு வரும் அமோனியாவை முன்னாலேயே குறைப்பது முதல் மருந்து. இரும்பு ஜியோலைட் வகை வினையூக்கிகள் நைட்ரஸ் ஆக்சைடையே சிதைக்க வல்லவை என்றாலும், அவற்றுக்கு 400 டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும். டர்போவுக்குப் பின்னால் அவ்வளவு வெப்பம் கிடைப்பது அரிது.

அறிகுறி: கண்ணுக்குத் தெரியும் புகை

ஜனவரி மாத டர்பனின் ஈரக்காற்றில் வெள்ளைப் புகை தெரிந்தால் அது பெரும்பாலும் நீராவி. புகைபோக்கியை விட்டுச் சற்றுத் தள்ளி மறைந்துவிடும். மறையாமல் நீண்டு தொங்கினால் அமோனியம் உப்புகளின் நுண்துகள். செம்பழுப்பு நைட்ரஜன் டை ஆக்சைடைக் காட்டும். கறுப்பு என்றால் பைலட் டீசல் அல்லது மசகெண்ணெய். அமோனியாவிலிருந்து கரி வர வழியில்லை.

அறிகுறி: தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் மட்டும் அமோனியா எகிறுகிறது

குளிர்ந்த என்ஜினில் அமோனியாவைத் திறக்கக் கூடாது. டீசலில் தொடங்கி, குளிர்நீரும் (என்ஜினைக் குளிர்விக்கச் சுற்றும் நீர்) வினையூக்கியும் சூடான பிறகே மாற வேண்டும்; நிறுத்துவதற்கு முன் மறுபடி டீசலுக்கு வந்து சில நிமிடம் ஓட்ட வேண்டும். இவ்வளவும் செய்தும் எகிறினால், எரிபொருள் குழாயை நைட்ரஜனால் கழுவும்போது வெளியேறுவது எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். அது அமோனியாவைப் பிடிக்கும் நீர்த்தொட்டிக்குப் போக வேண்டும். சிலிண்டருக்கோ புகைபோக்கிக்கோ அல்ல. அந்தத் தொட்டியின் நீர் செறிந்துவிட்டால் மேலும் கரைக்காது. அதைக் கடலில் திறந்துவிட்டால் மீன்கள் சாகும்.

அறிகுறி: புகைபோக்கியில் எல்லாம் சரி, என்ஜின் அறையில் நெடி

குழாய்க் கசிவு இல்லை என்று உறுதியானால், என்ஜினின் அடிப்பெட்டியிலுள்ள வாயுவை வெளியேற்றும் கிராங்க்கேஸ் பிரீதரைப் பார்க்க வேண்டும். ரிங்குகளைத் தாண்டி இறங்கும் எரியாத கலவையில் அமோனியா இருக்கிறது. அது பிரீதர் வழியே வெளியேறும்போது புகைபோக்கியின் அளவி அதைக் காணாது. மொத்த வெளியேற்றக் கணக்கில் இதையும் சேர்க்காவிட்டால் நாம் எழுதும் எண் பொய். பிரீதரை இன்லெட்டுக்குத் திருப்பலாம், அல்லது நீரால் கழுவும் அமைப்புக்கு அனுப்பலாம். மசகெண்ணெயின் கார எண் குறையாமல் நிலைத்து நின்றாலும் கூடினாலும் எண்ணெய் நன்றாக இருக்கிறது என்று எண்ண வேண்டாம். அமோனியாவே காரம் என்பதால் அந்தச் சோதனை ஏமாற்றும். எண்ணெயில் நீரையும் நைட்ரேற்றத்தையும் தனியே சோதிக்க வேண்டும். எண்ணெய் தேங்கும் சம்ப் அருகே பித்தளை, செம்பு இணைப்புகள் எஞ்சியிருந்தால் எஃகுக்கு மாற்ற வேண்டும், ஏனெனில் அமோனியாவில் பித்தளை வெளியே தெரியாமல் விரிசல் விடும்.

அறிகுறி: டர்பனில் சரியாக ஓடியது ஜோஹானஸ்பர்க்கில் அமோனியாவைத் துப்புகிறது

கடல்மட்டத்தில் அமைத்த அட்டவணையோடு ஜெனரேட்டரை மலைமேட்டுக்கு ஏற்றி அனுப்பினால் இது நிச்சயம் நடக்கும். ஜோஹானஸ்பர்க் ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் ஆறில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. டர்போ இல்லாத என்ஜினில் அதே அளவு அமோனியாவுக்குக் காற்று பற்றாமல் கலவை செறிகிறது. டர்போ உள்ளதில் அது ஓரளவு ஈடுகட்டும். ஆனாலும் வேஸ்ட்கேட் அமைப்பையும் பைலட் டைமிங்கையும் அங்கேயே, அந்தக் காற்றிலேயே மறுபடி அமைக்க வேண்டும், திறனையும் குறைத்து அறிவிக்க வேண்டும்.

அதற்குப் பிறகும் குளிர்கால விடியற்காலையில் மட்டும் தடுமாறுகிறது என்று அங்கிருந்து தொலைபேசி வந்தால், குறையை என்ஜினில் தேட வேண்டியதில்லை. அமோனியாவைத் தொட்டியின் சொந்த அழுத்தத்திலேயே ஆவியாக எடுக்கும் அமைப்பில், 30 டிகிரியில் ஏறத்தாழ 11.7 பார் இருக்கும் அழுத்தம் 0 டிகிரியில் 4.3 பாராக விழுந்துவிடும். இன்ஜெக்டர் அதே நேரம் திறந்திருந்தாலும் போகும் எடை பாதிக்கும் கீழே இறங்கி, கலவை மெலிந்து, சுடர் பாதியில் அணைகிறது. தொட்டிக்கும் இன்ஜெக்டருக்கும் இடையே என்ஜினின் குளிர்நீரால் சூடாகும் ஆவியாக்கியும், அதன் பின்னே அழுத்தத்தை நிலையாக வைக்கும் ரெகுலேட்டரும் இருக்க வேண்டும். ஆவியாக்கிக்குப் போகும் குளிர்நீர் 60 டிகிரியைத் தொடும் வரை அமோனியா வால்வு திறக்காதபடி பூட்டு வைத்த பிறகு, எங்களுக்கு அந்தத் தொலைபேசி வரவில்லை.